நிலவேம்பு என்று சொன்னேன்

என் தம்பி பிறந்த செய்தியும் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்ட செய்தியும் ஒரே தபால் கார்டில்தான் வந்தன. அம்மா பிரசவத்துக்காக அவலூர்பேட்டையில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். மாமா எழுதியிருந்தார். முதல் வரியில் ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம். இரண்டாவது வரியில், இங்கே மாடுகள் வெக்கையில் விழுகின்றன, உங்கள் மாடுகளைச் சந்தைப் பக்கம் ஓட்ட வேண்டாம். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, நன்றாகவே படிக்கத் தெரியும். ஆனாலும் கார்டு வந்தால் நான் உரக்கப் படிக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. முதல் வரிக்குச் சிரித்தார். இரண்டாவது வரியை மறுபடியும் படிக்கச் சொன்னார். தம்பி பெரியவனான பிறகு இதைச் சொல்லி அவனை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. செஞ்சியில் எங்கள் வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் ராஜகிரி மலைதான் தெரியும். மலைக்குக் கிழக்கே கொஞ்சம் மானாவாரி நிலம். ஆனி, ஆடியில் மழை பார்த்து அதில் மல்லாட்டை போடுவோம். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். அந்த நிலத்தை உழ இரண்டு எருதுகள், வீட்டுக்குப் பாலுக்கு ஒரு பசு. இந்த மூன்று ஜீவன்களை நம்பித்தான் எங்கள் குடும்பம் நடந்தது.

மாட்டுக்கு வருகிற நோய்களை அந்தக் காலத்தில் எல்லாரும் அறிந்திருந்தார்கள். காணை என்றால் வாயிலும் குளம்பிலும் புண் வரும். மாடு நொண்டும், எச்சில் ஒழுகும், இளைத்துப் போகும், கொஞ்ச நாளில் எழுந்து நின்றுவிடும். கன்றுகள்தான் சில சமயம் தப்பாது. காணை வந்தால் திட்டிக்கொண்டே வைத்தியம் பார்ப்பார்கள். வெக்கையின் பெயரைச் சொல்லும்போது யாரும் திட்டமாட்டார்கள். குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அது ஒரு கொட்டிலுக்குள் நுழைந்தால் ஒரே வாரத்தில் கொட்டில் காலி.

குழந்தையைப் பார்க்க நைனா என்னை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் அவலூர்பேட்டைக்குப் போனார். தம்பி சிவப்பாக, சுருங்கிப் போய், யாரையும் பிடிக்காத முகத்தோடு கிடந்தான். நைனா அவனைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மாமாவின் கொட்டிலுக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே ஐந்து மாடுகள் கட்டியிருந்த இடத்தில் இரண்டுதான் இருந்தன. ஒன்று நின்றுகொண்டிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து வடிந்து கன்னத்தில் இரண்டு பக்கமும் கறுப்பாகக் கோடு விழுந்திருந்தது. மற்றொன்று படுத்திருந்தது. அதன் வயிறு நிற்காமல் கழிந்துகொண்டே இருந்தது. அந்த நாற்றம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது, சொல்லத்தான் வார்த்தை இல்லை. மாமா அதன் வாயருகே தண்ணீர்ச் சொம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது தண்ணீரைப் பார்த்தது. குடிக்க வாயைத் திறந்து, புண் எரிந்ததோ என்னவோ, மூடிக்கொண்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தைத் தரையில் நீட்டியது. மாமா சொம்பை எடுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும் முன் நைனா கிணற்றடியில் தலையோடு குளித்தார். என் காலையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், தோல் எரிந்தது. பஸ்ஸில் வரும்போது வழியில் தெரிந்த மாடுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து வருகிற மனிதர் மாதிரியே இல்லை.

அடுத்த வாரமே செஞ்சியில் தண்டோரா போட்டார்கள். வெக்கை வராமலிருக்க எல்லா மாடுகளுக்கும் சர்க்காரில் இலவசமாக ஊசி போடப் போகிறார்கள், கோட்டை வாசலுக்கு முன்னாலிருக்கும் வெளியில் ஓட்டி வந்து காட்ட வேண்டும் என்று. உடனே ஊரில் ஆளுக்கொரு பேச்சு. ஊசி போட்டால் பால் வற்றும், சினை கலையும், எருது ஏர் இழுக்காது. ஊசி போட்டதற்கு அடையாளமாகக் காதில் ஓட்டை வேறு போடுகிறார்களாம், அந்த ஓட்டையைப் பார்த்தால் சந்தையில் ஒருவரும் வாங்கமாட்டார்களாம். எங்கள் எதிர்வீட்டுக்காரர் இந்தப் பேச்சுகளையெல்லாம் ஒன்று விடாமல் நம்பினார். அவரிடம் நல்ல உயர்ந்த ஜோடி எருதுகள் இருந்தன. அவற்றைக் குளிப்பாட்டிக் கொம்பில் எண்ணெய் தடவி நிறுத்தினால் தெருவே பார்க்கும். அவரும் இன்னும் சிலரும் மாடுகளைக் கோட்டைக்குள் ஓட்டிக்கொண்டு போய், அந்தக் காலத்து ராஜாவின் குதிரை லாயத்தில் மறைத்துக் கட்டிவிட்டார்கள். எத்தனையோ சேனைகள் முற்றுகையிட்ட கோட்டையைக் கடைசியாக முற்றுகையிட்டது மாட்டு ஆஸ்பத்திரிதான். அதற்குள்ளே புகுந்து மாட்டைத் தேட அவர்களிடம் ஆள் இல்லை.

நைனா இந்தக் கூட்டத்தில் சேரவில்லை. மாமாவின் கொட்டிலைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இரண்டாவது யோசனை இருக்கவில்லை. எங்கள் வீட்டுத் தடை வேறு இடத்தில் இருந்தது. அது என் அத்தை.

அத்தை நைனாவுக்கு மூத்தவள். கல்யாணமான மூன்றாம் வருஷமே கணவனை இழந்து, ஒரு துணி மூட்டையும் ஒரு கன்றுக்குட்டியுமாகத் தம்பி வீட்டுக்கு வந்தவள். அந்தக் கன்றின் பேத்திதான் எங்கள் பசு. நாங்கள் சமணர்கள். நீரை வடிகட்டிக் குடிப்பதும், பொழுது சாய்வதற்குள் சாப்பிடுவதும் எங்கள் ஜனங்கள் எல்லாரும் செய்வதுதான். அத்தை அதோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் ஒரு பொருள் நுழைய வேண்டுமென்றால் அதன் குலம் கோத்திரம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். எதிலிருந்து வந்தது, அதற்காக ஏதாவது உயிர் போனதா என்று கேட்பாள். நைனா ஒரு முறை வாங்கி வந்த வாசனைச் சோப்பு கொழுப்பில் செய்ததா இல்லையா என்று அவரால் சொல்ல முடியாததால் கடைக்கே திரும்பிப் போனது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த மீன் எண்ணெய் மாத்திரையும் அப்படியே வாத்தியார் கைக்குத் திரும்பியது. பசுவின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணியைக்கூட அவள் நசுக்கமாட்டாள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு இலையில் வைத்து வேலியோரம் கொண்டுபோய் விடுவாள். அவை மறுநாள் அதே பசுவிடம் திரும்பி வந்துவிடும் என்று நைனா சொல்வார். வரட்டும், அதுங்களுக்கும் பசிக்குமில்ல என்பாள்.

ஊசி போடுகிற அன்று காலையில் நைனா எருதுகளை அவிழ்க்கும்போது அத்தை கொட்டில் வாசலில் வந்து நின்றாள்.

“அந்த மருந்து எதுலேர்ந்து செய்யறாங்க? கேட்டியா தம்பி?”

நைனா முதல் நாள்தான் மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார். கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். “நாலு பேர் நின்னுக்கினு இருந்தாங்கக்கா. கேக்க முடியல.”

“கேக்காம எப்பிடி? உடம்புக்குள்ள ஏத்தறது ஆச்சே.”

நைனா முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். பிறகு, “பாப்பா போய்க் கேட்டுக்கினு வரட்டும். அது பொய் பேசாது” என்றார்.

அத்தை என்னைப் பார்த்தாள். வழக்கமாக என்னை ஏதாவது வேலைக்கு அனுப்பினால் வழியில் எங்கே நிற்கக் கூடாது, யாரோடு பேசக் கூடாது என்று பத்துப் புத்தி சொல்லித்தான் அனுப்புவாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. “சரி, பாப்பா இன்னா சொல்லுதோ அதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க, முடிவு என் வாயில் இருக்கிறது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

கோட்டை வாசல் வெளியில் நான்கு கழிகளை நட்டு, ஒரு மாடு மட்டும் நுழைகிற மாதிரி சந்து கட்டியிருந்தார்கள். டாக்டர் மிகவும் சின்ன வயசுக்காரர். மேஜையில் ஒரு பிளாஸ்க், பக்கத்தில் மரத்தூள் போட்ட பெட்டியில் ஐஸ் கட்டி. கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைத்து, அதற்குள்ளிருந்த பொடியை உப்புத் தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றி மாட்டின் கழுத்துத் தோலைத் தூக்கிக் குத்துவார். உதவியாள் ஒரு இடுக்கியால் காதில் ஓட்டை போடுவார். மாடுகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வந்திருந்தன. அதனால் டாக்டருக்கு என்னிடம் பேச நேரம் இருந்தது.

இன்னார் மகள் என்று சொல்லி, மருந்து எதிலிருந்து செய்கிறார்கள் என்று கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அதுவரை அவரிடம் அன்றைக்குக் கேட்டவர்களெல்லாம் பால் குறையுமா, காசு வாங்குவீர்களா என்று மட்டுமே கேட்டிருந்தார்கள் போலிருக்கிறது. உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். வெக்கை நோயை முதலில் ஓர் ஆட்டுக்குக் கொடுப்பார்களாம். அதிலிருந்து எடுத்து இன்னோர் ஆட்டுக்கு. அப்படியே ஆடு ஆடாக மாற்றிக்கொண்டே போனால் மாட்டைக் கொல்கிற பலம் அந்த நோய்க்குப் போய்விடுமாம். பிறகு ஆட்டின் மண்ணீரலை எடுத்து அரைத்துக் காயவைத்தால் இந்தப் பொடி. இதைப் போட்ட மாட்டுக்கு இரண்டு மூன்று நாள் காய்ச்சல் வரும், அதற்கப்புறம் வெக்கை கிட்டே வராது.

“மண்ணீரல எடுத்தா ஆடு செத்துடாதா?” என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். “அறுத்துத்தாம்மா எடுக்கணும். ஒரு ஆட்டுல எத்தனையோ மாடு பொழைக்குது பாரு” என்றார். பிறகு, “உங்க அப்பாகிட்ட நேத்தே விளக்கமா சொன்னேனே, அவர் சொல்லலையா?” என்றார்.

நைனா மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு மறதி உண்டு. நான் கேட்ட நோட்டுப் புத்தகத்தைக்கூட மூன்று நாள் மறந்தவர்.

போகும்போது ஓடியவள் திரும்பும்போது நடந்தேன். உண்மையைச் சொன்னால் அத்தை என்ன செய்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பசுவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இதோட ஆயுசு இவ்ளோதான்னா போவட்டும், இன்னொரு உயிர அறுத்து இதுக்குக் குத்தவேணாம் என்று சொல்வாள். அவள் சொன்னால் நைனா மீறமாட்டார், எருதுகளையும் திரும்பக் கட்டிவிடுவார். ரகசியமாகப் போடவும் வழியில்லை, காது காட்டிக் கொடுத்துவிடும். மாமா கையிலிருந்த சொம்பு கண்ணெதிரே வந்தது. எங்கள் பசு கழுத்தை நீட்டுவது வந்தது. அந்த ஆடும் வந்தது. நான் பார்க்காத ஆடு என்பதால் எங்கள் தெருவில் திரிகிற ஆடு ஒன்றின் முகத்தை அதற்கு வைத்துக்கொண்டேன். அது என்னையே பார்த்தது. பத்து வயசுக் கணக்குப் போட்டேன். அந்த ஆடு எங்கேயோ செத்துப்போனது போனதுதான். நான் உண்மை சொன்னாலும் அது எழுந்து வராது. எங்கள் வீட்டு மூன்றும் இன்னும் உயிரோடு நிற்கின்றன. எனக்கு அழுகை வந்தது. வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்து அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அத்தை கொட்டிலில் இருந்தாள். பசுவின் காதைத் தூக்கிப் பிடித்து, உள்பக்கத்தில் உண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம்.

“கேட்டியா?”

“கேட்டேன் அத்த.”

“இன்னா மருந்தாம்?”

“நிலவேம்பாம் அத்த” என்றேன். காய்ச்சலுக்கு அவள் எனக்குக் கொடுக்கிற கசப்புக் கஷாயம் அதுதான். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவள் கை நின்றது. நான் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். எந்த ஊர் நிலவேம்பு, எதில் கலந்தார்கள், பார்த்தது யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, மாட்டிக்கொள்வேன். சாதாரணச் சோப்புக்கே அத்தனை கேள்வி கேட்டவள். ஆனால் அவள் திரும்பவே இல்லை. பசுவின் காதை மெல்ல விட்டாள். கழுத்தைத் தடவிக் கொடுத்தாள்.

“நைனாவ ஓட்டிக்கினு போவச் சொல்லு.”

வாசலில் நின்ற நைனாவுக்கு அது கேட்டது. என்னை ஒன்றும் கேட்கவில்லை. என் தலையில் கையை வைத்துவிட்டு மூன்றையும் ஓட்டிக்கொண்டு போனார். நான் கூடப் போகவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தபோது மூன்றுக்கும் காதில் வட்டமாக ஓட்டை, விளிம்பில் உறைந்த ரத்தம். அத்தை மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். பொழுது சாய்வதற்குள் அவள் குடிக்க வேண்டிய பால் தம்ளர் சமையலறையில் ஆடை கட்டிக் கிடந்தது. எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டாள்.

நான்காவது நாள் பசுவுக்குக் காய்ச்சல் கண்டது. புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. பால் பாதியாகி, காலாகி, அதற்கும் கீழே போனது. எருதுகளும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. காய்ச்சல் வருமென்று டாக்டர் சொல்லியிருந்ததெல்லாம் எனக்கு எங்கே நினைவு வந்தது? பொய் சொன்னதால்தான் இப்படி ஆகிறது, மூன்றும் சாகப் போகின்றன, சாகடித்தது நான் என்று முடிவே செய்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பதில் வேறு எதையோ எழுதி அடி வாங்கினேன். அடி வாங்கியது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராகக் கொட்டிலுக்குப் போனேன். அத்தை ஈரத்துணியால் பசுவின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வந்திருந்தேன்.

“அத்த, அந்த மருந்து...”

“ஊசி போட்டா ரெண்டு மூணு நாள் காயும்” என்று அவசரமாக மறித்தாள். அவள் யாரையும் பேச்சில் மறிப்பவள் அல்ல. “நீ போய்ப் படி. போ.”

நான் நின்றுகொண்டே இருந்தேன். “போடி” என்றாள். அப்படி ஒரு குரலில் அவள் என்னை அதட்டியதே கிடையாது. போய்விட்டேன்.

ஒரு வாரத்தில் மூன்றும் தேறிவிட்டன. பசு பழையபடி மிச்சம் வைக்காமல் தின்ன ஆரம்பித்தது. அத்தை கறந்த பாலை அளந்து எனக்கும் நைனாவுக்கும் காய்ச்சிக் கொடுத்தாள். தான் குடிக்கவில்லை. பால், தயிர், மோர், நெய் ஒன்றையும் தொடவில்லை. ஏதோ விரதம் என்று நினைத்தேன். அவளுக்கு விரதத்துக்கா பஞ்சம்?

அந்த மாதக் கடைசியில் வெக்கை செஞ்சிக்குள் வந்தது. எந்த வழியாக வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. குதிரை லாயத்தில் நெருக்கமாகக் கட்டியிருந்த மாடுகளில் ஒன்றுக்கு முதலில் கண்டது, அப்புறம் அங்கே ஒன்று விடாமல் தொற்றிக்கொண்டது. பயந்துபோய் வீட்டுக்கு வீடு ஓட்டி வந்து கட்டினார்கள், எங்கள் தெருவிலும் அந்த நாற்றம் வந்துவிட்டது. செத்த மாடுகளை வண்டியில் ஏற்றி மலையடிவாரத்துக்குக் கொண்டு போனார்கள். வண்டி இழுக்க மாடு கிடைக்காமல் மனிதர்களே இழுத்துப் போனதை நான் பின்வாசலில் நின்று பார்த்தேன். எங்கள் மூன்றும் அசை போட்டுக்கொண்டு நின்றன. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அந்தத் தெருவில் மாட்டுக்குத் தீனி போடுவதற்கே கூச்சப்பட்டுக்கொண்டு நைனா வைக்கோலை மறைத்துத் தூக்கி வருவார்.

எதிர்வீட்டுக்காரரின் ஜோடியில் ஒன்று காலையில் விழுந்தது, மற்றது சாயங்காலம். மறுநாள் அவர் எங்கள் கொட்டிலுக்கு வந்தார். நைனா எழுந்து நின்றார். வந்தவர் நேராக எங்கள் எருதின் அருகே போய், அதன் காதைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராக விரித்தார். அந்த ஓட்டையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“இத்தினியூண்டு ஓட்டைக்கா பயந்தேன்” என்றார்.

அப்படியே எருதின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பெரிய ஆம்பிளை ஒருவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவர் நிலத்தை உழுதுகொடுத்த பிறகுதான் எங்கள் நிலத்தில் ஏர் பூட்டுவது என்று நைனா அங்கேயே சொன்னார், அப்படியே செய்தும் காட்டினார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவள் மேல்சித்தாமூரில் இருக்கும் எங்கள் சமண மடத்துக்குப் போனாள். எங்கள் ஜனங்கள் பிழை ஏதாவது செய்துவிட்டால் அங்கேதான் போய்ச் சொல்வார்கள், அதற்கு என்ன விரதம் என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அத்தை என்ன பிழை செய்திருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. தம்பிக்காக வேண்டிக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். திரும்பி வந்தவள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு வெகுநாள் இருந்தாள். அம்மா குழந்தையோடு வந்து சேர்ந்தபோது, இப்படி எலும்பாகப் போயிருக்கிறீர்களே என்று அழுதாள். நைனா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து நிலத்துக்குப் போய்விடுவார்.

ஆவணியில் பத்து நாள் விரதம் முடிகிற அன்று எங்கள் வீட்டில் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையெல்லாம் பொறுக்க வேண்டும் என்று சிறியவர்கள் முதலில் பெரியவர்களின் காலில் விழ வேண்டும். அந்த நாளுக்காகத்தான் நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எதைச் சொன்னாலும் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. அத்தையின் காலில் விழுந்து, நிலவேம்பு இல்லை அத்தை, ஆட்டின் மண்ணீரல் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். காலையில் குளிக்கும்போதே மனப்பாடம் செய்துகொண்டேன்.

நான் அத்தையைத் தேடிப் போவதற்குள் அவளே வந்துவிட்டாள். நான் தலை பின்னிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் எதிரே தரையில் மண்டியிட்டு, என் முகத்துக்கு நேராக இரண்டு கையையும் கூப்பினாள். பெரியவர்கள் சிறியவர்களிடம் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

“பாப்பா, நான் உனக்கு ஒரு தப்பு பண்ணிட்டேன். பொறுத்துக்கோ.”

“இன்னா தப்பு அத்த?”

அவள் சொல்லவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. “பொறுத்துக்கினேன்னு சொல்லு” என்றாள்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. என்னுடைய பச்சைப் பாவாடையைக் கேட்காமல் எடுத்துத் தம்பிக்குத் தொட்டில் துணியாகக் கட்டியிருந்தாள். அதற்காக நான் இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். இவ்வளவு பெரியவள் ஒரு பாவாடைக்காக இப்படிக் கலங்குகிறாளே என்று எனக்கு மனம் இளகிவிட்டது. பொறுத்துக்கினேன் அத்த என்று தாராளமாகச் சொன்னேன். அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு உச்சி மோந்தாள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள், இந்த நேரத்தில் ஆட்டைப் பற்றிச் சொல்லி அவள் மனசை நோகடிப்பானேன் என்று விட்டுவிட்டேன். அப்புறமும் சொல்லவில்லை. அவள் இருந்த வரைக்கும் சொல்லவில்லை, அவளும் சாகிற வரைக்கும் பால் குடிக்கவில்லை.

அன்றைக்கு நான் சொன்னதை அத்தை ஒரு கணமும் நம்பவில்லை என்பதோ, அந்தப் பொய் தங்களுக்கு வேண்டியிருந்ததால்தான் நைனாவும் அவளும் என்னை அனுப்பினார்கள் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. அறுபட்ட ஆட்டிடம் போய் மன்னிப்புக் கேட்க அவளுக்கு வழியில்லை. என்னிடம் மட்டும்தான் கேட்க முடிந்தது. நான் அவளைப் பாவாடைக்காக மன்னித்துவிட்டு, மடியிலிருந்து இறங்கி விளையாடப் போய்விட்டேன்.